கேள்வி-பதில்: பெட்டியில் பெரிதாக, பில்லில் பொடியாக

பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்குவது பற்றிப் போன மாதம் ஒருவருக்கு நாலு வரி எழுதினேன். வினையாகிவிட்டது. அப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எல்லாவற்றையும் சுருக்கித் தருகிறேன்.

நாலாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம். பையன் வாலரன்ட் விளையாட வேண்டும் என்கிறான். கையில் பத்தாயிரம் இருக்கிறது. எந்த கார்டு? (திருப்பூர் வாசகி)

கம்ப்யூட்டர் இன்னும் ஹார்ட் டிஸ்கில்தான் ஓடுகிறதா? அப்படியானால் முதல் செலவு எஸ்எஸ்டிக்கு, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்குக்கு. மீதியில் ஒரு ஜிடிஎக்ஸ் 1650, பழையதானாலும் சரி, அந்தப் பெட்டிக்குப் போதும். தனி பவர் ஒயர் கேட்காத மாடலாகப் பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும், இந்த கார்டும் அவ்வளவுதான் இழுக்கும். சில கம்பெனிகள் அதே 1650இல் தனி பவர் ஒயருக்கான 6 பின் சாக்கெட் வைத்து விற்கின்றன. கார்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டுங்கள்.

ஆர்எக்ஸ் 6400ஐக் காட்டுவார்கள். 53 வாட்தான், நல்ல விஷயம். ஆனால் அது நாலே நாலு லேனில் (டேட்டா போய்வரும் பாதை) ஓடும் கார்டு. புது போர்டில் குறை தெரியாது. உங்கள் போர்டின் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0, எச்81 என்ற வகை போர்டாக இருந்தால் அதற்கும் பழைய 2.0தான். அங்கே வேகம் அடிபடும்.

கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி). ஆர்எக்ஸ் 580 வாங்கிவிட்டேன், 8 பின் ஒயர் இல்லை. மோலெக்ஸ் என்ற பழைய 4 பின் ஒயரில் கன்வர்ட்டர் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். போடலாமா? (சேலம்)

வேண்டாம்.

'வாங்கிவிட்டேன், இப்போது சொல்லுங்கள்' என்று வரும் கடிதங்களுக்குத் தனி ஃபைல் போடலாம் போலிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். 14 என்றிருந்தால் 12ஐ 14ஆல் பெருக்க 168 வாட். உங்கள் கார்டு ஒன்றே 185 வாட் கேட்கும். அந்த 450 எங்கே போனது? ஸ்டிக்கரில் இருக்கிறது. என்னிடமும் இப்படி கேபினெட்டோடு 'ஃப்ரீ'யாக வந்த ஒன்று இருந்தது. ஒரு மே மாத மதியம் பட்டென்று வெடித்து, மதர்போர்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனது.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், ஒல்லிப் பெட்டி. வாங்கிய கார்டு உள்ளே போகவில்லை. கேபினெட்டை வெட்டலாமா? (மதுரை)

ஸ்கேல் பத்து ரூபாய். அதை முதலில் வாங்கியிருக்கலாம். கடைக்காரர் மனது வைத்தால் லோ ப்ரொஃபைல் கார்டாக, அதாவது ஒல்லிப் பெட்டிக்கென்றே வரும் உயரம் குறைந்த கார்டாக, மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜிடி 730 4 ஜிபி, ஜிடி 1030 2 ஜிபி, ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை சொல்கிறார்கள். 4 ஜிபிதானே பெட்டர்? (தஞ்சாவூர்)

இல்லை. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்த என்னால் முடியாது, வயிற்றெரிச்சல் அப்படி.

அண்டா பெரிதாக இருந்தால் சோறு வெந்துவிடுமா? அடுப்பு வேண்டாமா? ஜிடி 730 என்பது 2014இல் வந்த சிறு அடுப்பு. 4 ஜிபியை நிரப்பி வேலை வாங்கும் தெம்பு அதற்குக் கிடையாது. ஆனால் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது அந்த 4தான்.

சரி, 1030ஐ வாங்கிவிடலாம் என்று உடனே கிளம்பாதீர்கள். அங்கே வேறு கூத்து. 2017இல் வந்த ஜிடி 1030இல் ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி கடத்தும். அடுத்த வருடம் டிடிஆர்4 மெமரி வைத்து இன்னொன்றை இறக்கினார்கள், நொடிக்கு 16.8 ஜிபி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பெயர்? அதே ஜிடி 1030. வேறொரு நம்பர் வைக்கக் காசா கேட்டார்கள்?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்து, வீட்டில் பெட்டியைக் கவிழ்த்தபோதுதான் அடியில் எறும்பு அளவில் டிடிஆர்4 என்று இருந்ததைப் பார்த்தேன். திரும்ப ஓடினேன். "சார், நீங்க கேட்டது 1030, நான் குடுத்தது 1030" என்றார் கடைக்காரர். பில்லைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. கார்டு இன்னும் என் மேசை டிராயரில் தூங்குகிறது. பில் போடும்போது மெமரி வகையையும் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை.

ஆன்லைனில் 3,200 ரூபாய்க்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. விண்டோஸில் பெயர் சரியாக வருகிறது. என்விடியா டிரைவர் ஏறவில்லை, கேம் திறந்தால் நீலத்திரை. நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? (நாகர்கோவில், கல்லூரி மாணவர்)

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை தம்பி. கார்டின் பின்னால் நீல விஜிஏ போர்ட் இருக்கிறதா? இருந்தால் போலி. விஜிஏவுக்குத் தேவையான அனலாக் சிக்னலே அசல் 1050 டிஐ சிப்பில் கிடையாது. ஜிடிஎஸ் 450 மாதிரியான அரதப் பழசின் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் சூட்டி விற்கிற வேலை இது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். இப்படிப்பட்ட என்விடியா போலிகளை 2018 முதல் அது கண்டுபிடித்து, பெயரோடு 'ஃபேக்' என்று சேர்த்துக் காட்டுகிறது.

அந்தத் திரையைப் படமெடுங்கள். பில், ஆர்டர் பக்கம் எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆத்திரத்தில் கார்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், சாட்சியே அதுதான்.

மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டக் கார்டை இரவு பகலாக ஓட்டும் வேலை) ஓடிய கார்டு மலிவாக வருகிறது. வாங்கலாமா? (கோவை)

எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பு 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கைக் கைகழுவியதும் சந்தையில் கொட்டிய சரக்கு. பெரும்பாலும் ஃபேன்தான் தேய்ந்திருக்கும். விற்பவர் கம்ப்யூட்டரிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, சத்தம் கேட்டுவிட்டு வாங்குங்கள். "டெஸ்ட் பண்ணியாச்சு, ஜிபே பண்ணுங்க, பார்சல் வரும்" என்றால் வேண்டாம். ஏற்கெனவே அனுப்பி ஏமாந்திருந்தால் இதைப் படித்து முடிக்கக்கூட நிற்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள்.

கடன் வாங்கிக் கார்டு போட்டேன். துளிகூட வேகம் கூடவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வேலூர்)

மானிட்டர் ஒயரை மதர்போர்டிலிருந்து பிடுங்கி கார்டில் குத்துங்கள்.