சிவந்தது கெண்டைக்கால், பார்க்க வேண்டியது விரலிடுக்கு

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. தாராவியில் வீட்டிலேயே இட்லி ஊற்றி, காலையில் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறார். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன வாரம் மழையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் முட்டளவு தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாலாம் நாள் குளிர் காய்ச்சல். மறுநாள் வலது கெண்டைக்கால் சிவந்து வீங்கிவிட்டது, தொட்டால் சுடுகிறது, அரையில் நெறி கட்டியிருக்கிறது. பக்கத்து டாக்டர் செல்லுலைட்டிஸ், தோலின் ஆழத்தில் கிருமித் தொற்று என்று சொல்லி ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். ஒன்றரை நாள் ஆகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் சிவப்பு ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்கிறது. டாக்டரை மாற்றவா? அம்மா இது அக்கி, காவி பூச வேண்டும் என்கிறார். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது முறை, அதே கால். ஏன் இப்படி? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, ஒட்டுமா?
— ஒரு வாசகி

பதில்: செல்போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு அப்பாவின் கால்மாட்டில் உட்காருங்கள். சிவந்த இடத்தை விடுங்கள், அதை எல்லாரும் பார்த்தாயிற்று. வலது காலின் சுண்டு விரலையும் அதற்கு அடுத்த விரலையும் மெல்லப் பிரித்துப் பாருங்கள். தோல் வெளுத்து, ஊறிப்போய், பொதபொதவென்று உரிந்து, நடுவில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு இருக்கும். லேசாக வாடையும் வரலாம். பார்க்காமலே இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரே காலில் திரும்பத் திரும்ப வருகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பிரித்துப் பார்க்கும் இடம் அதுதான். ஏமாந்தது குறைவு.

அது சேற்றுப்புண். பூஞ்சைத் தொற்று. நம் ஆட்கள் அதை ஒரு நோயாகவே மதிப்பதில்லை, "மழைக்காலத்தில் வரும், போகும்" என்று விட்டுவிடுகிறார்கள். இட்லிக்காரர் கால் எப்போது காய்கிறது, சொல்லுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு ஈரத் தரையில் நிற்கிறார், அப்புறம் அதே ஈர ரப்பர் செருப்போடு தெருவுக்குப் போகிறார். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் விரலிடுக்கு காய வாய்ப்பே இல்லை. அந்த நூல் வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது.

சாக்கடைத் தண்ணீரிலிருந்த கிருமி காலில் ஏறிவிட்டது என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. செல்லுலைட்டிசை உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அடுத்தபடியாக ஸ்டஃபைலோகாக்கஸ். இரண்டும் நம் தோலிலும் மூக்கு, தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருப்பவை. தண்ணீர் செய்தது தோலை ஊறவைத்து வெடிப்பைப் பெரிதாக்கியது. உள்ளே போன கிருமி தோலின் ஆழத்திலும் அதன் அடியிலுள்ள கொழுப்பிலும் பரவும்போது கால் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது. நிணநீர்க் குழாய் வழியாக அது மேலே ஏறுவதைத்தான் அரையில் கட்டிய நெறி காட்டுகிறது. ஆனால் காலில் வெட்டுக் காயத்தோடு வெள்ளத்தில் நடந்திருந்தாலோ, மீன் முள் குத்தியிருந்தாலோ அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தண்ணீரில் வாழும் கிருமிகள் வேறு ரகம், அவற்றுக்கு மருந்தும் வேறு.

சரி, சிவப்பு ஏறிய விஷயம். மருந்து தொடங்கிய முதல் ஓரிரு நாளில் சிவப்பு கொஞ்சம் பரவலாம். சாகிற கிருமிகள் வெளியிடும் நஞ்சுக்கு உடம்பு எதிர்வினை காட்டுகிறது. காய்ச்சல் விட்டது நல்ல அறிகுறி. இப்போதே டாக்டரை மாற்ற வேண்டாம். மாற்றினால் அவர் வேறு மாத்திரை எழுதுவார், மூன்றாவது ஆள் ஊசி போடுவார், எது கேட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுங்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு எங்கே முடிகிறது என்று சரியாகத் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துச் சூடு எங்கே நிற்கிறது, தோல் எங்கே விண்ணென்று பளபளக்கிறது என்று பார்த்துக் கோடு போடுங்கள். மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில் வலியும் சூடும் குறைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் கோட்டைத் தாண்டிக்கொண்டே போனால் அதே டாக்டரிடம் அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.

செஃபலெக்சின், அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரை, பென்சிலின் ஒவ்வாதவர்களுக்குக் கிளிண்டாமைசின் ஆகியவை இதற்கு வழக்கமாகத் தரப்படுபவை. குணம் தெரிந்தால் ஐந்து நாளே போதும். சர்க்கரைக்காரருக்கும் வீக்கம் வடியாதவருக்கும் நாள் கூடலாம். அதை முடிவு செய்யத்தான் ஐந்தாம் நாள் டாக்டரிடம் அந்தக் காலைக் காட்ட வேண்டும். வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு மாநகராட்சி சொல்லும் டாக்சிசைக்ளின், அதாவது 72 மணி நேரத்துக்குள் போடும் 200 மில்லிகிராம், எலிக்காய்ச்சலைத் தடுக்க. "அதுவும் ஆன்டிபயாடிக்தானே, போட்டாயிற்றே" என்று காலுக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கசுக்கு அதை நம்பி உட்கார முடியாது.

பாதி வைத்தியம் மாத்திரை, மீதிப் பாதி படுக்கை. கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். முக்காலியில் கால் நீட்டி டிவி பார்ப்பது கணக்கில்லை. படுத்து, குதிகாலுக்குக் கீழே இரண்டு மூன்று தலையணை அடுக்குங்கள். சர்க்கரையையும் தினம் பாருங்கள். தொற்று இருக்கும்போது அது தானாகவே ஏறும், ஏறிய சர்க்கரை தொற்றை வளர்க்கும்.

அம்மாவோடு சண்டை வேண்டாம், ஆனால் காவி வேண்டாம். அக்கி என்பது வைரஸ். சின்னம்மை வந்த காலத்தில் நரம்பில் ஒளிந்துகொண்டது பிறகு கிளம்பி, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் போடும். இது அதுவல்ல. காவி பூசினால் நீங்கள் போட்ட பேனாக் கோடு மறைந்துவிடும், வெடித்த தோலில் மண்ணும் போகும். அதைவிட எனக்குப் பயம் மருந்துக் கடையில் கேட்டதும் கிடைக்கும் கலப்பு கிரீம். பூஞ்சைக்கும் கிருமிக்கும் அரிப்புக்கும் எல்லாம் ஒன்றிலே என்று தருவார்கள், அதில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், அடியில் பூஞ்சை கொழிக்கும்.

பின்வருவதில் ஒன்று வந்தாலும் பேனாவை வைத்துவிட்டு ஆட்டோவைப் பிடியுங்கள். பார்வைக்குச் சின்னதாகத் தெரிகிற இடத்தில் தாங்க முடியாத வலி. தோல் ஊதா அல்லது கறுப்பாவது, பெரிய கொப்புளம், தொட்டால் உணர்ச்சியே இல்லாமல் போவது. மறுபடி குளிர் நடுக்கம், வாந்தியில் மாத்திரை தங்காதது, குழறல், தூங்கித் தூங்கி விழுவது. சதையை அழிக்கும் தொற்றாக இருந்தால் மணி நேரங்கள்தான் கையில் இருக்கும், அறுவை தேவைப்படும். உங்களுக்குப் பக்கத்தில் சயான் மருத்துவமனை இருக்கிறது, நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தொட்டால் சீழ் தளும்புவது போல மெத்தென்று இருந்தாலும் காட்டுங்கள். சீழைக் கீறி எடுக்காமல் மாத்திரை மட்டும் போதாது.

இனி, நான்காவது முறை வராமல் இருக்க. ஒவ்வொரு முறை வரும்போதும் நிணநீர்க் குழாய்கள் கொஞ்சம் கெடுகின்றன, வீக்கம் கொஞ்சம் தங்கிவிடுகிறது. தங்கிய நீர் அடுத்த தடவையை எளிதாக்குகிறது. அதே கால் என்பதற்குப் பாதிக் காரணம் இது, மீதி அந்த விரலிடுக்கு. 2013-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், அடிக்கடி கால் செல்லுலைட்டிஸ் வந்த 274 பேரில் பாதிப் பேருக்கு ஒரு வருடம் குறைந்த அளவு பென்சிலின் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி வந்தது, சாப்பிடாதவர்களில் 37 சதவீதம். நிறுத்தியதும் பலன் கரைந்துவிட்டது. வெடிப்பு அப்படியே இருந்தால் வேறென்ன ஆகும்? ஆகவே அந்த வழியை டாக்டரிடம் கேளுங்கள், ஆனால் சேற்றுப்புண்ணுக்கு அடுத்தபடியாக. தங்கிய வீக்கத்துக்கு அழுத்தக் காலுறை நல்ல பலன் தருகிறது. 2020-ல் ஆஸ்திரேலியாவில் 84 பேரிடம் செய்த ஆய்வில், போட்டவர்களில் 15 சதவீதம், போடாதவர்களில் 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. அப்பா சர்க்கரைக்காரர் என்பதால் பாதத்தில் நாடித் துடிப்பைப் பார்த்த பிறகே போட வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த காலை இறுக்குவது ஆபத்து.

சேற்றுப்புண்ணுக்கு டெர்பினாஃபின் அல்லது க்ளோட்ரிமசோல் மட்டும் உள்ள கிரீமை டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்கள், அரிப்பு நின்ற அன்றே நிறுத்தாதீர்கள். வியாபாரம் முடிந்து வந்ததும் கால் கழுவி, பழைய காட்டன் வேட்டித் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலிடுக்காக ஒற்றி எடுக்கட்டும். இரண்டு ஜோடி செருப்பு இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்றைப் போடலாம். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் கூடாது.

குழந்தைக்கு இந்தச் சிவப்பு ஒட்டாது. தோலின் ஆழத்தில் இருப்பது தொட்டால் தாவாது, தாத்தா மடியில் தாராளமாக உட்காரட்டும். அப்பாவின் துண்டை மட்டும் தனியாக வையுங்கள். அது சேற்றுப்புண்ணுக்காக.