பல்கலைக்கழகங்களை முதலில் உருவாக்கியது யார்? அரசர்களா, சமயத் தலைவர்களா?

இருவருமே இல்லை என்பதுதான் என் பதில். இன்றைய பல்கலைக்கழகத்தின் மூதாதைகள் இத்தாலியின் பொலோன்யாவும் பிரான்சின் பாரிஸும். யாரும் திட்டமிட்டுத் தொடங்கியவை அல்ல. படிக்க வந்தவர்களும் கற்பித்தவர்களும் தங்கள் பாதுகாப்புக்காக அமைத்துக்கொண்ட சங்கங்கள்.

பொலோன்யா 1088இல் தோன்றியது என்பது பிற்கால மரபு. ரோமானியச் சட்டம் படிக்க அங்கே வந்த வெளியூர் மாணவர்களுக்கு நகரச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. வாடகைக்கு வீடு பிடிப்பதும் பெரும்பாடு. ஆகவே கைத்தொழிலாளர்களைப் போல அவர்களும் சங்கம் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் மாணவர் தரும் கட்டணத்தை நம்பி வாழ்ந்ததால் அவர்களும் சங்கத்துக்குக் கட்டுப்பட்டார்கள். 1317ஆம் ஆண்டு விதிகளைப் படித்தால் வியப்பாக இருக்கும்: மாணவர்களின் அனுமதி இல்லாமல் ஆசிரியர் ஒருநாள்கூட விடுப்பு எடுக்க முடியாது. மணி அடித்ததும் பாடம் தொடங்க வேண்டும், அடுத்த மணி அடித்ததும் முடிக்க வேண்டும். முறையான வகுப்புக்கு ஐந்து பேர்கூட வரவில்லையென்றால், வகுப்பே எடுக்காதவராகக் கருதி அபராதம்!

பாரிஸில் சங்கம் ஆசிரியர்களுடையது. 1229இல் மது விடுதியில் எழுந்த தகராறு பெரிதாகி, காவலர்கள் மாணவர்கள் சிலரைக் கொன்றார்கள். ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே வெளியேறினார்கள். சொந்தக் கட்டடம் இல்லாததே அவர்களுடைய பலம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1231இல், அநீதி நேர்ந்தால் பாடத்தை நிறுத்தும் உரிமையைப் போப் ஒன்பதாம் கிரகோரி எழுத்திலேயே உறுதி செய்தார். கேம்பிரிட்ஜும் இப்படி வெளியேறியவர்களால் உருவானதுதான்: 1209இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவர்கள் தூக்கிலிடப்பட்டபின் அங்கிருந்து கிளம்பியவர்கள் சிலர் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார்கள்.

நாலந்தா ஐந்தாம் நூற்றாண்டிலேயே இருந்ததே என்று கேட்பீர்கள். வயதிலும் புலமையிலும் அது பொலோன்யாவுக்கு மிக மூத்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது அரசர்களின் கொடையில் இயங்கிய பௌத்த மகாவிகாரை, அதாவது துறவிகளின் பெரிய மடம். இஸ்லாமிய உலகிலோ, கற்பிக்கும் தகுதிச் சான்றான இஜாஸாவை ஆசிரியர் தனிப்பட்ட முறையில் வழங்கினார். ஐரோப்பாவில் புதிதாக வந்தது, தனக்கென விதி வகுத்து, தேர்வு நடத்தி, தன் பெயரில் பட்டமும் தரும் ஓர் அமைப்பு. நாம் இன்று பெறும் பட்டம் அந்த வழியில் வந்தது.

அரசர் தாமே பல்கலைக்கழகம் நிறுவியது பொலோன்யாவுக்கும் பாரிஸுக்கும் பிறகுதான். 1224இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் நேப்பிள்ஸில் ஒன்றைத் தொடங்கினார். தம் சிசிலி அரசின் குடிமக்கள் வேறெங்கும் போய்ப் படிக்கக் கூடாது என்று தடையும் போட்டார்.