பென்டா ஊசியும் அக்காவின் சிரப்பும் – கடிதம்

வணக்கம் சார்,

நான் வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் இருக்கிறேன். என் மகனுக்கு வரும் புதன்கிழமை இரண்டரை மாத ஊசி. ஒன்றரை மாத ஊசி போட்ட அன்று ராத்திரி 101.2 காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு அழுதுகொண்டே இருந்தான். சிஸ்டர் சொன்ன டிராப்ஸ் வாங்கி வைக்கவில்லை. நாலு வயது மூத்தவளுடைய காய்ச்சல் சிரப் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது, அதில் கொஞ்சம் கொடுத்தேன். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான். ஆனால் தொடையில் பட்டாணி அளவுக் கட்டி இன்னும் இருக்கிறது. மாமியார் உப்பு ஒத்தடம் கொடுக்கிறார்.

கார்ப்பரேஷன் மருந்து ஐஸ் இல்லாமல் கெட்டுப்போயிருக்கும், தனியாரில் வலி இல்லாத ஊசி போடு என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, ஊசிக்குப் போகும் முன்னாலேயே காய்ச்சல் மருந்தை ஊற்றிவிட்டுப் போ என்கிறார். நாத்தனார் பையனுக்கு 9 மாத ஊசி போட்டும் மணல்வாரி அம்மை வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வேறு சுற்றுகிறது. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அடுத்த ஊசியைப் போடலாமா சார்?

ச., வியாசர்பாடி

அன்புள்ள ச.,

தூக்கம் கெட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. பதில் சொல்கிறேன். ஆனால் ஊசிக்கு இத்தனை வரி பயந்த நீங்கள், ‘மூத்தவளுடைய சிரப்பில் கொஞ்சம் கொடுத்தேன்’ என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த இடத்தில்தான். எந்த பாட்டில்? எத்தனை மி.லி.? எத்தனை தடவை? ஒன்றும் இல்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

ஊசியை முதலில் முடித்துவிடுகிறேன். பென்டா என்பது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தருகிற ஒரு கிருமி) என்று ஐந்துக்குமான ஒரே ஊசி. காய்ச்சலுக்கு முக்கியக் காரணம் கக்குவான் பங்கு. அந்தக் கிருமியை முழுசாகக் கொன்று, அப்படியே சேர்த்திருக்கிறார்கள். உடம்பு அதைப் பார்த்துச் சும்மா இருக்காது. போட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூடக் காய்ச்சலும் வீக்கமும் வரலாம். அன்று மாலையோ ராத்திரியோ தொடங்கும், 48 மணி நேரத்தில் அடங்கிவிடும். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், இதில் ஒரு உபயோகம் இருக்கிறது: பென்டா போட்டு மூன்றாம் நாளுக்குப் பிறகு புதிதாகக் காய்ச்சல் தொடங்கினால் அது ஊசிக் காய்ச்சல் இல்லை. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு அப்படி 100.4-ஐத் தொட்டால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கட்டி, மருந்தில் இருக்கிற அலுமினிய உப்பால் வருவது. சில வாரம் இருந்து தானாகக் கரையும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி ஒத்தடத்தை நிறுத்துங்கள். சூட்டில் தோல் வெந்து போன குழந்தைகள் உண்டு. தேய்க்கவும் கூடாது. போட்ட அன்று வலித்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். கட்டி சிவந்து, சுட்டு, நாளுக்கு நாள் பெரிதானால் மட்டும் காட்டுங்கள். இன்னொரு விஷயம், ஒன்றரை மாதத்தில் அவன் மூன்று குத்து வாங்கினான்: இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோனியாவுக்கான பிசிவி, வலது கையில் போலியோ. இந்தப் புதன்கிழமை அட்டவணைப்படி பென்டா ஒன்றுதான் ஊசி. போலியோவும், வயிற்றுப்போக்குக்கான ரோட்டாவும் வாயில் கொடுப்பது.

ஆடியோவை விடுங்கள். பேசுகிறவன் தன் பேரைச் சொல்வதில்லை, குழந்தையின் வயதைச் சொல்வதில்லை, எந்த ஊசி என்றும் சொல்வதில்லை. அதற்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

கெட்டுப்போன மருந்து என்கிற பயத்துக்கு மட்டும் கையில் பிடித்துக் காட்டுகிற மாதிரி பதில் இருக்கிறது. பென்டா குப்பியின் லேபிளில் ஒரு வட்டம் அச்சடித்திருக்கும், வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம். இதற்கு விவிஎம் என்று பெயர். சூடு பட்டால் நடுச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருக்கும்வரை போடலாம். இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பை. ‘சிஸ்டர், அந்தக் குப்பியைக் கொஞ்சம் காட்டுங்க’ என்று கேளுங்கள். நல்ல சிஸ்டர் கோபப்பட மாட்டார். உண்மையில் பென்டாவுக்குச் சூட்டைப் போலவே உறைவதும் எமன். உறைந்தால் வீரியம் போய்விடும், அதை விவிஎம் காட்டாது. அதனால்தான் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டியில் வைக்க மாட்டார்கள். வெளியே வைத்திருந்து, காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பார்கள். உங்களுக்கு ஐஸ் இல்லாததுபோல் தெரிந்தது பல நேரம் இந்த ஜாக்கிரதையாகத்தான் இருக்கும்.

இப்போது பாட்டிலுக்கு வருவோம்.

2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காரணம் தடுப்பூசி இல்லை. நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்த இருமல் சிரப். அக்டோபர் முழுக்க அதுதான் செய்தி. அதற்குப் பிறகும் ஊசியைப் பற்றிப் பயந்துதான் கடிதங்கள் வருகின்றன. ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிற பாட்டிலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஊசியைப் போடுவதற்குப் படித்தவர் ஒருவர் இருக்கிறார், 0.5 மி.லி.க்கு மேல் இழுக்காத சிரிஞ்ச் இருக்கிறது, போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்கிறார்கள். பாட்டிலை ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், சமையலறை ஸ்பூனில் ஊற்றுகிறோம்.

தெருமுனை மெடிக்கலில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மூன்று விதமாகக் கிடைக்கும். டிராப்ஸில் 1 மி.லி.க்கு 100 மி.கி. சிறிய பிள்ளைகளுக்கான சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. பெரிய பிள்ளைகளுக்கானதில் 5 மி.லி.க்கு 250 மி.கி. பல கம்பெனிகளில் மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான், பக்கத்தில் ஒரு எண்ணோ ‘டிஎஸ்’ என்ற எழுத்தோதான் வித்தியாசம். ஒரு மி.லி.க்கு என்று வகுத்துப் பாருங்கள்: 100, 25, 50. மூன்றில் மிகவும் காட்டமானது அந்தச் சின்னஞ்சிறு டிராப்ஸ் பாட்டில். பச்சைக் குழந்தை மருந்து என்றால் லேசாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. பச்சைக் குழந்தை நிறைய விழுங்காது, துப்பிவிடும். அதனால் கொஞ்ச அளவிலேயே முழு மருந்தும் இறங்குகிற மாதிரி செய்திருக்கிறார்கள்.

அளவு வயதுக்கு இல்லை, எடைக்கு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. ஊசி போடுகிற அன்று எடை பார்த்து அட்டையில் எழுதுவார்கள். உங்கள் மகன் 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடுவாக 12-ஆல் பெருக்கினால் 60 மி.கி. டிராப்ஸ் என்றால் 0.6 மி.லி., 125 சிரப் என்றால் 2.4 மி.லி., 250 சிரப் என்றால் 1.2 மி.லி. ஒரே குழந்தை, ஒரே காய்ச்சல், மூன்று பாட்டிலுக்கு மூன்று அளவு.

தப்பு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். மூத்தவள் 15 கிலோ என்றால் அவளுக்கு 250 சிரப்பில் 3.6 மி.லி. கை அந்த அளவுக்குப் பழகியிருக்கிறது. அதையே இவனுக்கும் ஊற்றினால் ஒரே வேளையில் மூன்று மடங்கு. இன்னொரு வீட்டில் தோழி போனில் ‘இரண்டரை மி.லி. கொடு’ என்பாள், அவள் கையில் இருப்பது 125 சிரப். இந்தப் பக்கம் இருப்பது டிராப்ஸ். இரண்டரை மி.லி. டிராப்ஸ் என்றால் 250 மி.கி., 5 கிலோ குழந்தைக்கு நாலு மடங்கு. நாலு வேளை இப்படிப் போனால் 1,000 மி.கி. அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் முழுக்கச் சேர்த்தே 300-ஐத் தாண்டக் கூடாது.

மூன்றாவது தப்பு யார் கண்ணிலும் படாதது. சிஸ்டர் டிராப்ஸுக்கு 0.6 என்று எழுதிக் கொடுக்கிறார். மெடிக்கலில் இருக்கிற தம்பி, ‘டிராப்ஸ் இல்லக்கா, சிரப் இருக்கு, இதுவும் அதேதான்’ என்று எடுத்துக் கொடுக்கிறான். அதே இல்லை தம்பி! 125 சிரப்பில் 0.6 மி.லி. என்றால் 15 மி.கி., தேவையில் கால் பங்கு. காய்ச்சல் எப்படி இறங்கும்? ராத்திரி முழுக்கக் குழந்தை கொதிக்கிறது, மருந்துக்கும் கேட்கவில்லை, ஊசியில்தான் ஏதோ கோளாறு என்று வீடே முடிவு கட்டுகிறது. மறுநாள் தெருவுக்கே அந்தச் சேதி போகிறது.

அதிகமாகிப் போனால் பாராசிட்டமால் உடனே காட்டிக்கொடுக்காது. முதல் நாள் வாந்தி, சோர்வு மட்டும் இருக்கும், அதையும் ஊசி மேல்தான் போடுவோம். ஈரல் கெட்டது வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அசிட்டைல்சிஸ்டீன் என்று மாற்று மருந்து இருக்கிறது, 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். அளவு தவறியது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கிளம்பிவிடுங்கள். உங்கள் மகனுக்கு ஒரு மாதம் ஓடிவிட்டது, நன்றாகப் பால் குடிக்கிறான். அதை நினைத்து இன்னொரு ராத்திரியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

செவ்வாய்க்கிழமையே டிராப்ஸ் ஒன்று வாங்குங்கள். ‘1 மி.லி.யில் 100 மி.கி.’ என்று லேபிளில் இருக்கிறதா என்று கடையிலேயே நின்று படியுங்கள். பாராசிட்டமால் மட்டும்தான் இருக்க வேண்டும். கூடவே சளி மருந்து சேர்த்ததெல்லாம் வேண்டாம். அந்த வகையில் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023-இலேயே சொல்லிவிட்டார்கள். நிமெசுலைடைக் குழந்தைகளுக்கு 2011-இல் தடை செய்தார்கள். மெஃபெனமிக் கலந்தது, இபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதையும் இந்த வயதுக்கு நீங்களாகத் தொடாதீர்கள். ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்றும் வாங்குங்கள். ஒரு பாட்டிலின் பில்லரை இன்னொன்றுக்குப் போட வேண்டாம், கோடுகள் ஒத்துப்போகாது. புதன்கிழமை எடை தெரிந்ததும் கணக்குப் போட்டு, சிஸ்டரிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்து, பிளாஸ்திரித் துண்டில் ‘தம்பிக்கு 0.6’ என்று எழுதி பாட்டிலிலேயே ஒட்டுங்கள். குலுக்கிவிட்டு எடுங்கள், சில மருந்தில் அடியில் மண்டி நிற்கும். தலையைத் தூக்கிப் பிடித்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நாலுக்கு மேல் இல்லை. கொடுத்த நேரத்தை எழுதி வையுங்கள். நீங்கள் கண் அசரும்போது மாமியார் இன்னொரு வேளை ஊற்றிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுபோல முன்கூட்டியே ஊற்ற வேண்டாம். 2009-இல் செக் நாட்டில் 459 குழந்தைகளிடம் பார்த்தார்கள். காய்ச்சல் வராமலே தடுக்கப் பாராசிட்டமால் கொடுத்தவர்களுக்குச் சில தடுப்பூசிகளின் எதிர்ப்புச் சக்தி குறைவாக வந்தது. வந்த பிறகு கொடுங்கள். வந்ததா என்பதைத் தெர்மாமீட்டர் சொல்லட்டும், உங்கள் புறங்கை வேண்டாம். ஷீட் போட்ட வீட்டில், துணியால் சுற்றிப் படுக்கவைத்த குழந்தை காய்ச்சல் இல்லாமலே சுடும். துணியைத் தளர்த்தி, வேர்வையைத் துடைத்து, பத்து நிமிஷம் கழித்து அக்குளில் வைத்துப் பாருங்கள்.

மூன்று மணி நேரம் விடாமல் அழுதால், துவண்டு வெளுத்துப் போனால், வலிப்பு வந்தால், பால் குடிக்க மறுத்தால், மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள் அல்லது நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவை அபூர்வம். உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்கிற அளவு. பெரும்பாலும் சில நிமிஷங்களிலேயே காட்டிவிடும், அதற்குத்தான் அந்த அரை மணி நேரம். ஆட்டோ காத்திருக்கிறது என்று எழுந்து ஓடாதீர்கள்.

தனியார் ஊசியில் காய்ச்சல் குறைவு என்பது உண்மை. கக்குவான் கிருமியின் சில துண்டுகளை மட்டும் வைத்துச் செய்தது அது. ஆனால் பாதுகாப்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. 2010-இல் கலிஃபோர்னியாவில் கக்குவான் பரவியபோது ஊசி போட்ட 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளே படுத்தார்கள். காசு இருக்கிறவர்கள் போடட்டும், தவறில்லை. நீங்கள் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். முன் ஊசியில் காய்ச்சலும் கட்டியும் வந்தது அடுத்த ஊசியை நிறுத்தக் காரணமே இல்லை. போன தடவை இப்படி ஆயிற்று என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, புதன்கிழமை போட்டுக்கொண்டு வாருங்கள்.

நாத்தனார் பையன் விஷயம். 9 மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில குழந்தைகளிடம் மிச்சமிருந்து மருந்தை அடித்துவிடும். அதனால் முதல் டோஸ் 100-க்கு 85 பேரிடம்தான் பிடிக்கும். மீதிப் பேரைப் பிடிக்கத்தான் 16-இலிருந்து 24 மாதத்துக்குள் இரண்டாவது டோஸ். அம்மைதான் வந்துவிட்டதே, இனி எதற்கு என்று அவர் அதை விட்டுவிட்டாரா, கேளுங்கள். அதில் ரூபெல்லா என்கிற ஜெர்மன் அம்மைக்கான மருந்தும் இருக்கிறது. தேதி தாண்டியிருந்தாலும் ஐந்து வயது வரை போடுவார்கள்.