பேரனுக்கு ஸ்டேக், ஐயாவுக்கு ரசம்

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரன் மெல்பர்னில் படிக்கிறான். அடுத்த மாதம் லீவுக்கு வருகிறான். அங்கே அவனே ஸ்டேக் என்று தடித்த மாட்டுக்கறித் துண்டை வாட்டி, கிரீம் பாஸ்தா கிளறிச் சாப்பிடுவானாம். "அரை மணி நேர வேலைதான் ஆயா" என்கிறான். போன தடவை வந்தபோது ஆசையாகச் செய்து கொடுத்தேன். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி எடுப்பதில்லை என்பதால் ஆட்டுக்கறி வாங்கி, இஞ்சி பூண்டு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், தயிர் போட்டு ஊறவைத்துக் கல்லில் போட்டேன். கறி ரப்பராகிவிட்டது. பாஸ்தாவைக் குக்கரில் இரண்டு விசில் விட்டேன், களியாக வந்தது. கடைசியில் ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தேன், கிரீம் திரிந்துபோனது. பேரன் பாவம், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். அவன் ஐயா (தாத்தா) தட்டைப் பார்த்துவிட்டு ரசம் சோறு கேட்டார். இந்தத் தடவை மானம் போகாமல் செய்ய வழி சொல்லுங்கள். காலையிலேயே செய்து வைத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, குக்கரில் இரண்டு விசில் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிரிக்க எனக்குத் தகுதி உண்டு. நான் முதன்முதலாகச் செய்தபோது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிரீமைக் கொதிக்கிற தக்காளியில் அப்படியே கவிழ்த்தேன். அரை நிமிடத்தில் தண்ணீர் தனி, திப்பி தனி. பால் கெட்டுப்போனால் எப்படி இருக்குமோ அப்படி. வீட்டில் யாருக்கும் காட்டாமல் கொட்டிவிட்டு உப்புமா கிண்டினேன்.

உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. குழம்புக் கறிக்குச் செய்கிற எல்லாவற்றையும் இதற்கும் செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நம் பக்கத்து உப்புக்கறியை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு. மசாலாப் பொடி எதுவும் கிடையாது, கறியின் ருசிதான் பேசும். ஸ்டேக்கும் அந்த ஜாதிதான். உப்புக்கறி வைக்கத் தெரிந்த கைக்கு இது வரும்.

முதலில் கறி, ஏனென்றால் பாதி வேலை கறிக்கடையிலேயே முடிந்துவிடும். வெளிநாட்டில் ஸ்டேக்குக்கு எடுப்பது மாட்டின் முதுகுப் பக்கக் கறி. அதிகம் வேலை செய்யாத தசை, அதனால் மெத்தென்று இருக்கும். அங்கே அதை நாள் கணக்கில் குளிரில் வைத்துப் பதப்படுத்தித்தான் விற்கிறார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுத்ததை மதியமே அடுப்பில் ஏற்றுகிறோம். அறுத்த சில மணி நேரத்தில் தசை இறுகும், பிறகு மெல்ல மெல்லத்தான் இளகும். குழம்பில் அது தெரியாது, குக்கர் பார்த்துக்கொள்ளும். நான்கு நிமிடம் கல்லில் வாட்டி எடுக்கும்போது தெரிந்துவிடும். ஆகவே முந்தின நாளே வாங்கி, ஒரு இரவு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம்.

கடைக்காரரிடம் இளங்கறியாகக் கேளுங்கள். முதுகெலும்பை ஒட்டி இருபுறமும் நீளமாக ஓடும் கறி கிடைத்தால் அதுதான் முதல் தரம். இல்லையென்றால் தொடைக்கறி, எலும்பில்லாமல், முழுசாக. இந்த "முழுசாக" என்பதை அவர் கத்தியை ஓங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நாம் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் பழக்கதோஷத்தில் குழம்புத் துண்டாகப் போட்டுத் தந்துவிடுவார்கள். நான்கு பேருக்கு 600 கிராம் போதும்.

வீட்டில் வெள்ளைச் சவ்வை எல்லாம் கத்தியால் சீவி எடுங்கள். கல்லில் பட்டதும் கறியைச் சுருட்டி இழுப்பது அந்தச் சவ்வுதான். அப்புறம் கறியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், நார் ஒரு திசையில் ஓடுவது தெரியும். அந்த நாருக்குக் குறுக்கே அரை அங்குலத் தடிமனில் வில்லைகளாக வெட்டுங்கள். நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் ஒவ்வொரு வாயிலும் முழு நீளக் கயிற்றை மெல்ல வேண்டியிருக்கும். குறுக்கே வெட்டினால் நார் துண்டு துண்டாகிவிடும், பாதி மெல்லுகிற வேலையைக் கத்தியே செய்துவிடும். வில்லைகளைச் சப்பாத்திக் குழவியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

இளக வைக்கத் தயிர் வேண்டாம், பப்பாளிக்காய் இருக்கிறது. தோலோடு அரைத்த விழுது ஒரு மேசைக்கரண்டி. கறி மேல் தடவி ஒரு மணி நேரம், அதற்கு மேல் கூடாது. பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பைன் என்பது புரதத்தை உடைக்கிற சரக்கு. மறந்துவிட்டு இரவெல்லாம் வைத்தால் கறி மேல்பக்கம் மாவாகக் கரைந்துவிடும்.

இப்போது நீங்கள் செய்த முக்கியமான தவறுக்கு வருகிறேன். ஈரம். தயிரும் மசாலாவுமாக ஊறிய கறியைக் கல்லில் போட்டால் முதலில் அந்தத் தண்ணீர்தான் கொதிக்கும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. கறி செம்பழுப்பாகச் சிவந்து அந்த மணம் வர 140 டிகிரியாவது வேண்டும். உங்கள் கறி வாடவில்லை, தன் தண்ணீரிலேயே வெந்து இறுகியிருக்கிறது. அதனால் பப்பாளி விழுதை நன்றாக வழித்தெடுத்துவிட்டு, சுத்தமான துணியால் ஒவ்வொரு வில்லையையும் ஈரம் போக ஒற்றி எடுங்கள். உப்பை அடுப்பில் போடுவதற்குச் சற்று முன்னால் தூவினால் போதும். மஞ்சள்தூள் வேண்டாம். கல்பாசி, அன்னாசிப்பூ, மராத்தி மொக்கு டப்பாக்களை அன்றைக்கு அலமாரியிலேயே பூட்டி வையுங்கள். செட்டிநாட்டுக் கை அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

ஸ்டேக்குக்கென்று தனிச் சட்டி வாங்கத் தேவையில்லை. பழகின கனமான இரும்புத் தோசைக்கல், ஓரம் தூக்கினதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சாஸும் அதிலேயேதான். பழைய கனத்த இரும்புச் சட்டி ஆசை இருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேடலாம். விலையைக் கேட்டு மயக்கம் போட்டால் நான் பொறுப்பில்லை. நான்ஸ்டிக் வேண்டாம், அந்தச் சூட்டுக்கு அது ஆகாது.

இனி அடுப்படி. கறி ஃபிரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்பே வெளியே வந்திருக்க வேண்டும், கிரீமும் அப்படியே. ஒரு அடுப்பில் பெரிய குண்டானில் 3 லிட்டர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி உப்பு. மூடி போட்டுக் கொதிக்கவிடுங்கள். இந்தத் தண்ணீரை முதலில் ஏற்றுவதில்தான் உங்கள் பேரன் சொன்ன அரை மணி நேரக் கணக்கு இருக்கிறது. கடைசியில் ஏற்றினால் அது கொதிக்கக் காத்திருந்தே கறி ஆறிவிடும்.

பாஸ்தா பாக்கெட்டில் டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மைதாவில் செய்தது எவ்வளவு கவனமாக வேகவைத்தாலும் குழையும். குழல் வடிவத்தில் இருக்கும் பென்னே வாங்குங்கள், சாஸ் உள்ளே புகுந்து நிற்கும், ஐயாவும் கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம். 320 கிராம் போதும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, ஒட்டாமல் இருக்க ஒரு கிளறு. எண்ணெய் ஊற்றாதீர்கள், சாஸ் வழுக்கிக்கொண்டு போய்விடும். பாக்கெட்டில் 11 நிமிடம் என்றிருந்தால் 9-இல் எடுங்கள். கடித்தால் நடுவில் லேசாக ஒரு உறுதி இருக்க வேண்டும், மீதி வேக்காடு சாஸில் ஆகும். வடிக்கிற நேரத்தில் சேமியாவுக்குச் செய்கிற மாதிரி பச்சைத் தண்ணீரில் அலசிவிடாதீர்கள். வெந்த தண்ணீரில் ஒரு பெரிய டம்ளர் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் வடிக்க வேண்டும். கஞ்சி மாதிரி கலங்கலாக இருக்கும் அந்தத் தண்ணீர்தான் வெண்ணெயையும் கிரீமையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். நான் பலமுறை மறந்து சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன், அதனால் இப்போதெல்லாம் டம்ளரை வடிதட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.

பாஸ்தா போட்ட கையோடு மற்ற அடுப்பில் கல்லைக் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் சுரீர் என்று வற்றாமல் முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு சரி. ரீஃபைண்ட் கடலை எண்ணெய் இரண்டு கரண்டி. நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் கிரீமை அமுக்கிவிடும். வெண்ணெயும் இந்தச் சூட்டில் கருகும். வில்லைகளை இடைவெளி விட்டு வைத்து, இரண்டு நிமிடம் கையை மடக்கிக்கொண்டு நில்லுங்கள். தள்ளிப் பார்க்க, அழுத்திப் பார்க்க, தூக்கிப் பார்க்கக் கை பரபரக்கும். சிவந்ததும் கறி தானாகவே கல்லை விட்டு எழும்பும், அதுவரை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். எல்லாவற்றையும் ஒரே ஈட்டில் திணிக்காமல் இரண்டு ஈடாகப் போடுங்கள். எடுத்துத் தட்டில் வைத்து மூடி, ஐந்து நிமிடம் தொடாதீர்கள். உடனே வெட்டினால் சாறு தட்டில் ஓடிவிடும்.

நடுவில் லேசான சிவப்பு இருந்தால் பதறாதீர்கள். அது ரத்தம் கிடையாது, தசைக்கு நிறம் கொடுக்கிற மயோகுளோபின். இறைச்சித் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 63 டிகிரி காட்டினால் போதும். மனம் ஒப்பவில்லை என்றால் பக்கத்துக்கு ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்கள், அதற்கு மேல் போனால் மறுபடி ரப்பர்.

கல்லின் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும், அதைக் கழுவிவிடாதீர்கள். முழு ருசியும் அங்கேதான். அடுப்பைக் குறைத்து 30 கிராம் வெண்ணெய், பொடியாக நறுக்கிய எட்டு சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு. வெளிநாட்டுச் செய்முறையில் ஷாலட் என்று போட்டிருப்பார்கள், அது நம் சின்ன வெங்காயத்தின் சொந்தக்காரன்தான். வெங்காயம் வதங்கியதும் பாஸ்தாத் தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றி அடிப்பிடித்ததைச் சுரண்டிக் கரையுங்கள். வெள்ளையாக இருக்கப் போகிற சாஸ் மரப்பழுப்பாக மாறும், அதுதான் வேண்டும். இப்போது உரலில் ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி. கறியில் முன்பே தடவியிருந்தால் அந்தச் சூட்டில் கருகிக் கசந்திருக்கும்.

கிரீம் 200 மில்லி பாக்கெட் ஒன்று. கடையில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். வெளிநாட்டுக் கெட்டிக் கிரீம் மாதிரி கொதியைத் தாங்காது. புளிப்பு பட்டாலோ சட்டென்று திரியும், உங்கள் எலுமிச்சை செய்த வேலை அதுதான். அடுப்பு சிம்மில் இருக்க, மெல்ல ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் குமிழ் விட்டால் போதும். சீஸ் கட்டி இரண்டு துருவிப் போடுங்கள். சாதாரண புராசஸ்டு சீஸே போதும், அதில் சேர்த்திருக்கும் உப்புகள் கொழுப்பைப் பிரியவிடாது. பாஸ்தாவைக் கொட்டிப் பிரட்டி, இறுகினால் இன்னும் ஒரு கரண்டி தண்ணீர். கரண்டியின் முதுகில் ஒட்டி மெல்ல வழிகிற பதம், பாயசத்துக்குப் பார்ப்பீர்களே, அது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், தண்ணீரிலும் சீஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. கறி வில்லைகளைச் சாய்வாகச் சீவி மேலே அடுக்கி, தட்டில் தேங்கிய சாற்றையும் ஊற்றிவிடுங்கள்.

காலையிலேயே செய்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஆறினால் பாஸ்தா சாஸை எல்லாம் குடித்துவிட்டுக் கொழுக்கட்டை மாவாக நிற்கும். வெங்காயம் பூண்டு நறுக்குவது, மிளகு இடிப்பது, சீஸ் துருவுவது எல்லாம் முன்னாலேயே செய்யலாம். பேரன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு பாஸ்தாவைத் தண்ணீரில் போடுங்கள். அவனையே கல்லுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தாலும் தப்பில்லை, மெல்பர்னில் தினமும் செய்கிறவன்தானே.

ஐயாவுக்குப் பல் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்கு மட்டும் நாலு வில்லையை உப்புப் போட்டு மாலையிலேயே குக்கரில் ஐந்து விசில் விட்டு எடுத்து, ஈரம் ஒற்றி, கடைசியில் கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் சிவக்க விடுங்கள். ஸ்டேக் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் வாயில் கரையும். ரசத்தையும் ஒரு ஓரமாக வைத்துவிடுங்கள். எப்படியும் கேட்பார்.