மரப்பட்டையில் எழுதிய மனு

சுரங்கக் கம்பெனிகள் வந்தபோது ஆஸ்திரேலியப் பழங்குடிகள் எதிர்க்கவே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே எதிர்த்தார்கள். வடக்கே ஆர்ன்ஹெம் லேண்டில் வாழும் யோல்ங்கு மக்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

1963-இல் யிர்கலா பகுதியில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் நிலத்தை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கத்துக்காக அரசு ஒதுக்கியது. யோல்ங்கு பெரியவர்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் குல ஓவியங்களைத் தீட்டியிருந்தார்கள். அந்த ஓவியங்களை வெறும் அலங்காரமாக நினைத்துவிடாதீர்கள். யோல்ங்கு உலகில் மனிதர், விலங்கு, நிலம் எல்லாமே துவா, யிரிச்சா என்ற இரு பிரிவுகளில் அடங்கும். ஒவ்வொரு குலத்துக்கும் அதன் நிலத்தோடு பிணைந்த கோலங்கள் உண்டு. கண்டவர்களும் அவற்றை வரைந்துவிட முடியாது. அவர்களைப் பொறுத்தவரை அதுதான் நிலப்பத்திரம். இரண்டு பிரிவினருமே வரைந்தார்கள் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, பலன்? சுரங்கம் நிற்கவில்லை. வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கென நுட்பமான சட்டமுறை இருப்பதை நீதிபதி பிளாக்பர்ன் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அது நிலவுரிமை ஆகாது என்று 1971-இல் தள்ளுபடி செய்தார். கொடுமையான தீர்ப்பு. அப்புறம் 1976-இல், ஆர்ன்ஹெம் லேண்ட் அடங்கிய வடக்குப் பிரதேசத்துக்கு நிலவுரிமைச் சட்டம் வந்தது. 1992-இல், டோரஸ் நீரிணைத் தீவினர் தொடுத்த மாபோ வழக்கில், நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் பூர்வகுடிகளின் நிலவுரிமையை ஏற்றது. 2025 மார்ச்சில், யோல்ங்கு குலங்களில் ஒன்றான குமாச் மக்கள் இதே நிலத்துக்கு இழப்பீடு கோரலாம் என்றும் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது.