எக்ஸ்ரே அறைக்குள் போகுமுன்: ரேடியோகிராபி பட்டப்படிப்பு, கேள்வி-பதில்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையின் இரு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். எம்பிபிஎஸ் எட்டவில்லை, நர்சிங்கில் மனமில்லை, வேறு என்ன இருக்கிறது என்று தேடும் வீடுகளில், எக்ஸ்ரே, ஸ்கேன் படம் எடுக்கக் கற்றுத்தரும் ரேடியோகிராபி என்ற படிப்பின் பெயர் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. வேறு வழியில்லாமல் வந்து சேரும் படிப்பாக இதை யாரும் நினைக்க வேண்டாம். மருத்துவர் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, அது படத்தில் விழுமா விழாதா என்பதைத் தீர்மானிப்பவர் ரேடியோகிராபர். இந்த முறை வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உயிரியல் பிரிவில் படித்தேன். நீட் மதிப்பெண் மிகக் குறைவு. எங்கள் வீட்டிலிருந்து நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். எந்தப் பக்கம் விண்ணப்பிப்பது?
— மாணவி, களியக்காவிளை

நீட் மதிப்பெண்ணை நினைத்துக் கலங்க வேண்டாம், மகளே. இந்தப் படிப்புக்கு இரு மாநிலங்களிலும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடந்துவந்திருக்கிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் இந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். அரசு இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு கலந்தாய்வு நடத்தி நிரப்புகிறது. கேரளத்தில் பட்டம் தருவது திருச்சூரிலுள்ள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். அங்கே இதை பி.எஸ்சி. எம்ஆர்டி என்பார்கள். விண்ணப்பமும் ஒதுக்கீடும் கேரள அரசின் எல்பிஎஸ் மையத்தின் வழியாக நடக்கின்றன. பயிற்சிக் காலத்தையும் சேர்த்தால் இரண்டு இடத்திலும் நான்கு ஆண்டுகள் ஆகும்.

எல்லையோரத்துப் பிள்ளைகள் சறுக்குவது பூர்வீகச் சான்றிதழில். வீடு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், ரேஷன் கார்டு தாத்தா பெயரில் என்று இருக்கும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அதனால் விளக்கக் கையேட்டில் கட்டணப் பக்கத்துக்குப் போவதற்கு முன் பூர்வீகம் பற்றிய பகுதியை வரி வரியாகப் படியுங்கள். எந்த மாநிலத்தின் அரசு ஒதுக்கீட்டுக்கு நீங்கள் தகுதி பெறுகிறீர்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தகுதி இருந்தால் இரண்டு பக்கமும் விண்ணப்பித்து வைப்பதில் தவறில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் இருக்கும் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். ஒரு நாள் காலையில் புறநோயாளிகள் பிரிவுக்குப் போய் எக்ஸ்ரே அறை வாசலில் எவ்வளவு கூட்டம் இருக்கிறது என்று கவனியுங்கள். அங்கே படிக்கும் மூத்த மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சிடி ஸ்கேனை இயக்கும் கன்சோலில் உட்கார்ந்து வேலை செய்யவிடுகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க மட்டும்தானா? இரவு நேர விபத்துப் பிரிவில் பணி தருகிறார்களா? நோயாளி வராத ஆஸ்பத்திரியில் நான்கு ஆண்டுகள் படித்தாலும் கை பழகாது.

மகளுக்கு இந்தப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. "கதிர்வீச்சு உடம்பைக் கெடுத்துவிடும், நாளைக்குப் பிள்ளை பெறுவதே சிக்கலாகும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். சேர்க்கலாமா?
— ரப்பர் தோட்டத் தொழிலாளி, குலசேகரம்

தாராளமாகச் சேருங்கள், ஐயா. உங்கள் பயம் நியாயமானதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்ரே என்பது மின்சாரத்தால் உண்டாகும் கதிர். பட்டனை அழுத்தும் அந்தச் சொற்ப நேரம் மட்டுமே அது இருக்கிறது. கையை எடுத்ததும் நின்றுவிடும். அறையில் தங்காது, சுவரில் ஒட்டாது, துணியில் படிந்து வீட்டுக்கு வராது. அந்த நேரத்திலும் உங்கள் மகள் கருவிக்குப் பக்கத்தில் நிற்கப்போவதில்லை. ஈயம் பதித்த தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் பட்டனை அழுத்துவார். தூரமும் பெரிய காவல். இரண்டு மடங்கு விலகி நின்றால் மேலே படும் கதிர் கால் பங்காகக் குறைந்துவிடும்.

இதற்கெல்லாம் கணக்கு வைக்கச் சட்டம் இருக்கிறது. மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்புப்படி, கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவெர்ட் என்பதுதான் உச்சம். முறையாக நடக்கும் எக்ஸ்ரே பிரிவில் இந்த எல்லையின் பக்கத்திலேயே போகமாட்டார்கள். டிஎல்டி பேட்ஜ் என்ற சிறிய அட்டையை மார்பில், ஈயக் கவசத்துக்கு உள்ளே குத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, எவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று அளந்து பதிவு செய்வார்கள். கல்லூரியில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, "மாணவர்களுக்கு டிஎல்டி பேட்ஜ் உண்டா?" என்பதுதான். இழுத்துப் பேசினால் வேறு கல்லூரி பாருங்கள்.

கர்ப்ப காலத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் துறைத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். வயிற்றிலிருக்கும் குழந்தையைக் கதிர்வீச்சுப் பணியாளராகக் கருதக்கூடாது, பொதுமக்களில் ஒருவருக்கு உரிய பாதுகாப்பு அதற்கு வேண்டும் என்பதுதான் உலகம் முழுவதும் பின்பற்றப்படும் நெறி. அதற்கேற்ப வேலையை மாற்றித் தருவார்கள். இந்த வேலையில் இருந்துகொண்டே பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள் நம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். உங்கள் சொந்தக்காரர்களை அவர்களிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கையான கதிர்வீச்சே மற்ற ஊர்களைவிட அதிகம். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் 1909இல் ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் அதைக் கண்டுபிடித்தார். இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இயற்கைக் கதிர்வீச்சு கூடிய இடங்களில் அதற்கேற்பப் புற்றுநோய் கூடியதாக அவர்கள் காணவில்லை. 2009இல் வெளியான ஆய்வு இது. கதிர்வீச்சை அலட்சியப்படுத்தலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. சிறிய அளவுக்கும் பெரிய அளவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து நடந்துகொண்டால் போதும், அஞ்சி ஓட வேண்டியதில்லை.

இரண்டு வருட டிப்ளமோ போதாதா? பட்டம் எதற்கு?
— பாறசாலை

வீட்டுக்கு உடனே சம்பளம் வேண்டும் என்ற நிலை இருந்தால் டிப்ளமோ நல்ல வழிதான். அரசு அங்கீகாரம் பெற்றதாக மட்டும் இருக்க வேண்டும். வசதியிருந்தால் பட்டம் படிக்கச் சொல்வேன். சிடி, எம்ஆர்ஐயில் கூடுதல் பயிற்சி, மேற்படிப்பு, ஆசிரியப் பணி, வெளிநாடு எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். துணைநிலை மருத்துவப் படிப்புகளை ஒழுங்குபடுத்த 2021இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. இனி தகுதியும் பதிவும் இறுகிக்கொண்டேதான் போகும். கேரளத்தில் வேலை செய்ய அங்குள்ள பாராமெடிக்கல் கவுன்சிலில் பதிவு வேண்டும் என்பதையும் எல்லை தாண்டிப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

முதலாமாண்டு படிக்கிறேன். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் "இது படமா?" என்று மூத்தவர் திட்டுகிறார். கேவியும் எம்ஏஎஸ்ஸும் மனப்பாடம், ஆனாலும் படம் சரியாக வரவில்லை.
— மாணவர், நெய்யாற்றின்கரை

மனப்பாடம் செய்வதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். கேவி என்பது கதிரின் ஊடுருவும் பலம், எம்ஏஎஸ் என்பது கதிரின் அளவு. தடித்த உடம்புக்கு எதைக் கூட்டுவது, மூச்சைப் பிடிக்க முடியாத முதியவருக்கு நேரத்தை எப்படிக் குறைப்பது என்று அட்டவணையைப் பார்க்காமல் யோசிக்கப் பழகுங்கள்.

ஆனால் உங்கள் படம் கெடுவது பெரும்பாலும் கருவியால் இருக்காது, நோயாளியை நிறுத்துவதால் இருக்கும். நெஞ்சுப் படத்துக்கு ஏன் நோயாளியின் முதுகுப் பக்கத்திலிருந்து கதிரை அனுப்புகிறோம்? இதயம் முன்பக்கம் இருக்கிறது. மார்பை டிடெக்டரோடு, அதாவது படம் பதியும் பலகையோடு, ஒட்டி நிறுத்தினால் இதயம் படத்துக்கு அருகே வந்துவிடும். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டிப் பாருங்கள். கை சுவரை நெருங்க நெருங்க நிழல் உண்மை அளவுக்கு வரும், விலகினால் பூதமாகும். கதிர் வரும் எக்ஸ்ரே குழாயை 180 சென்டிமீட்டர் தள்ளி வைப்பதும் இதற்காகத்தான். படுக்கையிலேயே முன்பக்கமிருந்து எடுக்கும் படத்தில் இதயம் வீங்கியதுபோல் தெரிவதற்குக் காரணமும் இதுவே.

இனி கைவேலை. முகவாயை உயர்த்தி வையுங்கள். புறங்கைகளை இடுப்பில் ஊன்றச் சொல்லி, முழங்கைகளை முன்னால் தள்ளி, தோள்களை டிடெக்டரோடு சேருங்கள். அப்போதுதான் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு விலகும். பின்னல் போட்ட பெண்கள் என்றால் பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்ல வேண்டும். ஈரத் தலையோடு வந்த பின்னல் நுரையீரலின் மேல்முனையில் நிழலாக விழுந்து, காசநோயோ என்று சந்தேகிக்க வைத்துவிடும். தாலிச் சங்கிலி, கிறிஸ்தவர்கள் கழுத்தில் அணியும் உத்தரியம், தாயத்து எல்லாவற்றையும் கேட்டுக் கழற்றச் சொல்லுங்கள். கேட்பதிலும் மரியாதை வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்கும் அம்மாவிடம் அதட்டிப் பேசக்கூடாது. அதை வாயில் கவ்விக்கொள்ளவோ தோளுக்கு மேலே தூக்கிப் பிடிக்கவோ செய்தாலும் படம் கெடும் என்று எடுத்துச் சொல்லி, அவர் கண்முன்னே உறவினர் கையில் கொடுக்க வையுங்கள்.

மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்ன பிறகு, வாயைப் பார்க்காமல் நெஞ்சைப் பாருங்கள். அது விரிந்து நின்ற பிறகே பட்டனை அழுத்த வேண்டும். படம் வந்ததும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகளை எண்ணுங்கள். பத்து தெரிந்தால் மூச்சு போதும். வலது, இடது குறியீட்டை முதலிலேயே வைத்துவிடுங்கள். மறுபடி ஒரு படம் எடுக்க நேர்ந்தால் அந்த நோயாளிக்குத் தேவையில்லாத கதிரைக் கொடுக்கிறோம். உங்கள் மூத்தவரின் கோபத்துக்குக் காரணம் அதுதான். அவர் பேச்சு கடுமையாக இருக்கலாம், ஆனால் அவர் கவலைப்படுவது நோயாளிக்காக.

மலையாளம் தெரியாமல் திருவனந்தபுரத்தில் படிக்க முடியுமா?
— தக்கலை

பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆனால் நோயாளியிடம் ஆங்கிலம் பேச முடியாது. "ஸ்வாசம் எடுக்கூ, பிடிச்சு நிறுத்தூ, இனி விட்டோளூ" என்பதில் தொடங்கி, எங்கே வலிக்கிறது, எதன்மேல் விழுந்தீர்கள், கர்ப்பமா என்று கேட்கும் அளவுக்கு முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். குமரிக்காரர்களுக்கு இது பெரிய பாடு அல்ல.

ஒரு வருடப் படிப்பு, படித்துக்கொண்டே வேலைக்கும் போகலாம், வளைகுடாவில் வேலை உறுதி என்று மார்த்தாண்டத்தில் ஒரு நிறுவனம் சொல்கிறது. இரண்டு லட்சம் கேட்கிறார்கள். கட்டலாமா?
— ஒரு தாய், கருங்கல்

கட்டாதீர்கள், அம்மா. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, பிறகு அந்தச் சான்றிதழ் எங்கும் செல்லாது என்று தெரிந்து அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் ஒரு வருடமும் சேர்ந்து போகிறது, அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் சான்றிதழ் தருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் சொன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இந்தக் கல்லூரி, இந்தப் படிப்பு, இந்த ஆண்டு என்று மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "தன்னாட்சி வாரியம்", "அகில இந்திய கவுன்சில்" என்று கம்பீரமான பெயர்கள் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பட்டம் என்றால் பேச்சையே முடித்துக்கொள்ளலாம். பாராமெடிக்கல் படிப்பைத் தொலைநிலையில் நடத்த யூஜிசி விதிகளில் இடமே இல்லை. நோயாளியைத் தொடாமல் இந்தத் தொழிலை எப்படிக் கற்க முடியும்?

பட்டம் முடித்ததும் சொந்தமாக ஸ்கேன் சென்டர் வைத்து அல்ட்ராசவுண்ட் பார்க்கலாமா?
— செங்கோட்டை

பார்க்க முடியாது. கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் செய்வதை 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் உரிய தகுதி பெற்ற மருத்துவர்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. மையமும் கருவியும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். மீறினால் சிறை உண்டு. பெண் சிசுவைக் காக்க வந்த சட்டம் இது, இதில் குறுக்கு வழி தேடாதீர்கள்.

ரேடியோதெரபியும் இதுவும் ஒன்றுதானா?
— வள்ளியூர்

இல்லை. ரேடியோகிராபியில் படம் எடுக்கிறோம். ரேடியோதெரபியில் கதிரைக் கொண்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை தருகிறோம். அதற்குத் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. படம் எடுக்க வருபவர் சில நிமிடங்களில் போய்விடுவார். சிகிச்சைக்கு வருபவரை வாரக்கணக்கில் தினமும் அதே மேசையில், மில்லிமீட்டர் பிசகாமல் படுக்க வைக்க வேண்டும். அவர் மெலிவதையும் தேறுவதையும் கூடவே இருந்து பார்ப்பீர்கள். பொறுமையும் மனத்திடமும் உள்ளவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். விண்ணப்பத்தில் பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் மாற்றிக் குறித்துவிடாதீர்கள்.

கடைசி ஆண்டில் இருக்கிறேன். வெளிநாடு போக இப்போதே என்ன செய்ய வேண்டும்?
— மாணவர், குழித்துறை

முதலில் இங்கே இரண்டு வருடமாவது வேலை பாருங்கள். வளைகுடா வேலைகளுக்கு அனுபவச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ்களை நேரடியாகக் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எழுதிச் சரிபார்ப்பார்கள், அதன் பிறகு உரிமத் தேர்வு. பிரிட்டனில் ஹெச்சிபிசி என்ற அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அங்கே ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு வழியில் போனால் மொத்தத்தில் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாமல் வேண்டும்.

படிக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று. எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றீர்கள், என்னென்ன பாடம் படித்தீர்கள் என்ற விவரத்தைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி வையுங்கள். ஐந்தாறு வருடம் கழித்துக் கேட்டால் அப்போதைய துறைத் தலைவர் மாறியிருப்பார், பதிவேடும் எளிதில் கிடைக்காது. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாகவும் மதிப்பெண் பட்டியலில் இனிஷியலாகவும் இருந்தால், பட்டச் சான்றிதழ் அச்சாவதற்குள் கல்லூரி அலுவலகத்தில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.