மண்ணீரலில் பீட்டா-5டி கிடைக்காது

தம்பி, எலி மண்ணீரலில் பீட்டா-5டி (β5t; செல்லுக்குள் புரதங்களை வெட்டும் புரோட்டியசோம் இயந்திரத்தின் ஒரு கூறு) பார்க்க மூன்று முறை வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஓட்டியும் பட்டையே வரவில்லை, ஆன்டிபாடி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். ஆன்டிபாடியைத் திட்டாதீர்கள். மதுரைத் தெப்பக்குளத்தில் நின்றுகொண்டு புதுமண்டபத்தைத் தேடினால் எப்படி? அந்தப் புரதம், டி செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்கள்) முதிரும் சுரப்பியான தைமஸின் புறணியில் உள்ள எபிதீலியல் செல்களில் மட்டும்தான் இருக்கும். 2007-இல் ஜப்பானியக் குழு அதை விவரித்தபோதே சொன்ன விஷயம் இது.

இளம் எலியின் தைமஸை எடுங்கள், வயதானால் சுருங்கிவிடும். அதிலும் பெரும்பங்கு டி செல்கள்தான், எபிதீலியல் செல்கள் சொற்பம். முதலில் டி செல்களைத் தட்டி உதிர்த்து நீக்குங்கள். மிஞ்சும் திசுவை நொதி போட்டுக் கரைத்து ஓட்டுங்கள். மண்ணீரல் மாதிரியை வீச வேண்டாம், நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு (பட்டை வரக்கூடாத ஒப்பீட்டு மாதிரிக்கு) ஆகும்.

அப்புறம், பீட்டா-5டி இல்லாத எலியில் சிடி8 வகை டி செல்கள் மட்டும் ஏன் கால்வாசியாகக் குறைகின்றன என்ற கேள்வி. புரோட்டியசோம் வெட்டும் துண்டுகள் எம்எச்சி (செல்லின் மேற்பரப்பில் புரதத் துண்டுகளைக் காட்டும் மூலக்கூறு) முதல் வகையில் ஏறுகின்றன. சிடி8 செல்கள் அதைப் பார்த்துத்தான் தேர்வாகின்றன. இன்னொரு வகை டி செல்லான சிடி4 பார்ப்பது எம்எச்சி இரண்டாம் வகையை, அதற்குத் துண்டுகள் லைசோசோம் (செல்லின் செரிமானப் பை) வழியாக வரும். பீட்டா-5டிக்கு நீர்வெறுக்கும் அமினோ அமிலங்களை அடுத்து வெட்டுவதில் மந்தம். அதனால் வேறு மாதிரித் துண்டுகள் உருவாகின்றன. அவற்றை மிதமாகப் பிடிக்கும் செல்கள் பிழைக்கின்றன என்பதே பரவலான விளக்கம்.